ஒரு ழ வரும் வரை

சுழி என்பது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஓவியக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஓரத்தில் ஒரு சுழியைப் போட்டு அதை வளைத்து இழுத்து விளையாடிக்கொண்டிருப்பாள். பக்கத்து மேசைக்காரி பார்த்துப் பார்த்து, "ஏய் சுழி, இங்க வாடி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவளைச் சும்மா விடலாமா? அவள் பத்து விரலிலும் எந்நேரமும் மை அப்பியிருக்கும். அவளுக்கு இவள் மசி என்று வைத்தாள். கல்லூரி முடிந்து, கண்ணாடி போட்டு, நரை எட்டிப் பார்த்த பிறகும் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை.

மசி சொந்தமாக ஓர் அச்சகம் போட்டாள். கல்யாண அழைப்பு, கடைப் பெட்டி, பிறந்தநாள் அட்டை என்று பிழைப்பு ஓடியது. சுழிக்கு மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் அமைக்கும் கம்பெனியில் வேலை. அங்கே எழுத்து என்றால் எறும்புதான். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதை ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் அடக்க வேண்டும். அதில் ஒரு புள்ளி மங்கிவிட்டால் மேலாளர் குதிகுதியென்று குதிப்பார். பகல் முழுக்க எறும்பு மேய்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்குக் கையை வீசி ஓர் எழுத்து எழுத வேண்டும் என்று வெறியே வரும். வராதா பின்னே?

அப்படிப் பிறந்ததுதான் 'இழை'.

இழை ஓர் எழுத்துரு. கூர்முனைப் பேனாவை அழுத்தினால் கோடு பருக்கும், லேசாக விட்டால் மெலியும். அந்தப் பருமனும் மெலிவும் எல்லா எழுத்திலும் ஒரே மூச்சாக ஓட வேண்டும். புள்ளி வட்டமாக இருக்காது, சாய்ந்த ஒரு துளியாக இருக்கும். கொம்பு அடுத்த எழுத்தை முட்டாமல் அதன் தோளில் கை போட்டுக்கொள்ளும். இதெல்லாம் கேட்கச் சுலபம். தமிழில் இருக்கிற அத்தனை எழுத்தையும் ஒவ்வொன்றாக உட்கார வைத்து மல்லுக்கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்களோ, "கம்ப்யூட்டர்ல தானா வந்துடும்ல?" என்று கேட்பார்கள். அப்போது சுழி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எல்லாவற்றுக்கும் ஆகிற எழுத்து இல்லை அது. அவளே சொல்வாள்: "இதுல ஒரு நாவல் அடிச்சா, படிக்கிறவன் ரெண்டாம் பக்கத்துல கண்ணைக் கசக்கிட்டு ஓடிடுவான்." அழைப்பிதழில் மணமக்கள் பெயருக்கு, சென்ட் பாட்டிலின் வயிற்றுக்கு, ஒரு நல்ல விடுதியின் முகப்புக்கு என்று அதற்கு வேலை இருக்கும். இரண்டு மூன்று சொல்தான் வர வேண்டும், சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் வேண்டும். ஒருநாள் மசி குறும்பாக, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று இழையில் ஒரு தாளில் அடித்துக் காட்டினாள்.

"போடி, இதைப் படிக்கிறதுக்குன்னே வண்டியை நிறுத்துவான்" என்றாள் சுழி. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எல்லா எழுத்தும் வழிக்கு வந்துவிட்டன. ழ மட்டும் பிடி கொடுக்கவில்லை. எழுத்துருவின் பெயரிலேயே இருக்கிற எழுத்து, அது அழகாக இல்லாவிட்டால் எப்படி? உடம்பெல்லாம் சரியாக அமைந்தது, வால்தான் தகராறு. ஒருநாள் சுருண்ட வால் நன்றாக இருக்கும், மறுநாள் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். நீட்டிப் பார்ப்பாள், அழிப்பாள், திரும்ப வளைப்பாள். கடைசியில் அவளால் அவள் கண்ணையே நம்ப முடியவில்லை.

அதனால் தன் உயிருக்கு உயிரான இரண்டு பேரிடம் இழையைக் கொடுத்து, கணினியில் போட்டுப் பழகிப் பார்க்கச் சொன்னாள். ஒருத்தி மசி. இன்னொருத்தி தங்கச்சி சின்னு. அம்மா கண்ணை மூடியபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண் அது. சுழிதான் தலை வாரிவிட்டாள், படிக்க வைத்தாள், வரையக் கற்றுக்கொடுத்தாள். இப்போது சின்னு பெரிய விளம்பரக் கம்பெனியில் கழுத்தில் அட்டை தொங்கப் போய் வருகிறாள். அக்கா தங்கை இருவருக்கும் மூன்றாம் மாடியில் ஒரே வீடு, ஒரே அலமாரி, செருப்பு மட்டும் வேறு வேறு அளவு.

சுழி ஒரு காரியம் செய்தாள். ஆளுக்கு ஒரு வால் கொடுத்தாள். மசியிடம் போன பிரதியில் ழ-வின் வால் கீழே இறங்கிச் சுருண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும். சின்னுவிடம் போனதில் வால் சுருளவே சுருளாது. இடப்பக்கம் நீண்டு, நுனியில் இலை மாதிரி அகன்று கூராக முடியும். ஒருத்தியிடம் இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பட்டிமன்றம் நடத்துவார்கள். பழகும்போது கண் எங்கே இடறுகிறது என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"ஈ காக்காய்க்குக்கூடக் காட்டக் கூடாது" என்று இருவரிடமும் சொன்னாள். மசி, இழையில் அடித்த மாதிரித் தாளை அச்சகத்து இரும்பு பீரோவின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள். "திறந்தா நான் மட்டும் பார்ப்பேன், மூடினா அதுவும் கிடையாது, போதுமா?" என்றாள். சின்னு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னை நம்பலைன்னா வேற யாரைக்கா நம்புவே?" என்றாள். நியாயமான கேள்விதானே.

ழ எப்படி என்று கேட்டபோது மசி, "எனக்கு இது போதும்டி, வெளியே விடு" என்றாள். சின்னு உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் ஏதோ குறையுதுக்கா. அவசரப்படாதே. பாதி வெந்ததை வெளியே விட்டு மானம் போயிடப் போகுது." சுழி அதைத்தான் கேட்டாள். அப்படியே இன்னொரு வருஷம் ஓடியது.

கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை. எழுத்துருக்களை வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு, சுருண்ட வாலையே போட்டு, ஒரு மாதிரித் தாளை அனுப்பிவைத்தாள். அங்கிருந்து ஓர் அம்மாள் தானே போன் செய்தார். இழை அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, வரைந்தவர் பெயரோடுதான் வெளியிடுவார்கள், ஒரே ஒரு நிபந்தனை: அது இதுவரை எங்கேயும் வெளியில் வந்திருக்கக் கூடாது. "எங்கேயும் வரலைங்க, சத்தியமா" என்றாள் சுழி. இத்தனை வருஷமும் எறும்பு எழுத்துக்கு நடுவில் பெயரில்லாமல் கிடந்தவளுக்கு இனி ஒரு பெயர் கிடைக்கப் போகிறது. போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சின்னு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அதிக நேரமே கட்டிக்கொண்டிருந்தாள். சுழிக்கு அது பாசமாகத்தான் பட்டது.

மறுவாரம் வழக்கமான தெருவைக் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆபீஸ் பஸ் வேறு வழியாகச் சுற்றியது. சுழி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். இந்த வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு வியாதி. அந்த எழுத்து ஏன் இப்படி நொண்டுகிறது, இது ஏன் அடுத்ததின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று ஊரில் இருக்கிற பலகையையெல்லாம் மனசுக்குள் திருத்திக்கொண்டே போவார்கள். ஒரு திருப்பத்தில் கேக் கடை ஒன்று வந்தது. வெண்ணெய் நிறப் பலகையில் காப்பி நிறத்தில் 'தேன்கூடு' என்று எழுதியிருந்தது.

அட, நல்லா இருக்கே என்று முதலில் நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். பிறகு அந்தக் கொம்பு த-வின் தோளில் கை போட்டிருப்பதைப் பார்த்தாள். கூ-வின் வளைவு அடுத்த எழுத்துக்கு அடியில் போய் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தாள். அந்த ஒரு வளைவுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க அவள் தூக்கம் கெட்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினாள்.

கடையில் கல்லாவில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "முதலாளி வெளியூர் போயிருக்காருங்க. போர்டு யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. என்ன கேக் வேணும்?"

ஏதோ ஒன்றைக் கைகாட்டி வாங்கினாள். அவளுக்கு வேண்டியது கேக் இல்லை, பெட்டிதான். பெட்டியைப் பிடித்ததும் அவள் கண் தேடியது ழ-வைத்தான். ழ இருந்தால் போதும், வாலைப் பார்த்தே யாரிடமிருந்து போனது என்று சொல்லிவிடலாம். மூடியில் 'தேன்கூடு'. பக்கவாட்டில் 'அன்போடு சுட்டது'. இன்னொரு பக்கத்தில் 'இன்றே உண்ணவும்'. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு ழ இல்லை. அடியில் மட்டும் சாதா எழுத்தில் பொடியாக, பெட்டி அச்சான இடம் போட்டிருந்தது. மசியின் அச்சகம்.

அந்த இடத்திலேயே பொறுத்திருக்கலாம். ஒரு ழ கண்ணில் படுகிற வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மருந்து லேபிளில் ஒரு புள்ளிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், இருபது வருஷச் சிநேகிதத்தை எத்தனை வேகமாகத் தீர்ப்புச் சொல்லி முடித்தாள் என்று நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தாள். சின்னு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகப் பெட்டியைத் திருப்பி, அடியில் இருந்ததைப் படித்தாள்.

"ஐயோ அக்கா" என்றாள். "இது... மசியக்கா அச்சகம் இல்ல?"

"கண்ணு தெரியுதுல்ல எனக்கு."

"சே, அவங்க அப்படிச் செய்வாங்களா? இருக்காதுக்கா." நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனா வேற யார்கிட்டயும் நீ கொடுக்கலையே... பாவம், அவங்களுக்கும் தொழில்ல ஆயிரம் நெருக்கடி. கடைக்காரன் அவசரப்படுத்தியிருப்பான், எடுத்துப் போட்டிருப்பாங்க. நீ எதுவும் கேட்காதேக்கா, விட்டுடு."

கேட்காதே என்று சொன்ன விதத்திலேயே சுழிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சின்னு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, "சர்க்கரை போதுமாக்கா?" என்று கேட்டு, முதுகைத் தடவிவிட்டாள். இந்த உலகத்தில் தனக்கென்று இவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று சுழிக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போனபோது மசி ஒரு தம்பதிக்கு அழைப்பிதழ் மாதிரிகளைப் பரப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "வாடி சுழி, உனக்கு ஆயுசு நூறு, இப்பதான் உன்னை நினைச்சேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவ்வளவுக்குடி வித்தே?"

"என்னத்தை?"

கேக் பெட்டியை மாதிரிகளின் மேல் வீசினாள். அந்தத் தம்பதி ஒரு அடி பின்னால் போனார்கள்.

மசி பெட்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதைச் சுழி பார்க்கவில்லை, அவளுக்கு எங்கே கண் தெரிந்தது அப்போது. "இதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்டி. கடைக்காரர் டிசைனை ரெடியா கொண்டுவந்து அடிச்சுக் கொடுன்னார். எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கடைசியில வெளியே விட்டுட்டாளே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு உன்மேல கோபம் வேற. நீயா வந்து சொல்லட்டும்னுதான் வாயை மூடிட்டிருந்தேன்."

"நல்லா கதை விடறே. நான் வெளியே விட்டேனாம், எனக்கே தெரியாம!"

"சுழி, நான் சொல்றதைக் கேளு..."

"என்னத்தைக் கேட்கிறது? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே. ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். என் எழுத்தைக் கேக் பெட்டியில சுத்தி வித்துட்டு, 'வாடி சுழி'ன்னு சிரிக்க உனக்கு எப்படி மனசு வருது? உன் கையைப் பாரு. அதுல இருக்கிறது மை இல்ல, திருட்டு."

மெஷின்காரர் தானாகவே மெஷினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் கடைசி வார்த்தை மட்டும் சத்தமாக நின்றது. மசி தன் கையைப் பார்த்தாள். அவள் சண்டை போடுவாள், கத்துவாள், பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று சுழி நினைத்தாள். மசியோ மாதிரிகளை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"நீங்க கிளம்புங்க" என்றாள்.

'நீங்க'. இருபது வருஷத்தில் முதல் தடவை. சுழி படி இறங்கி வெகுதூரம் போன பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது.

நிறுவனத்து அம்மாளிடம் சுழியே போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டாள். மறைத்து வைக்க அவளுக்குத் தெரியாது. அந்த அம்மாள் ரொம்பவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டார், அவ்வளவுதான். இழையின் கதை அதோடு முடிந்தது. சுழி பழையபடி எறும்பு மேய்க்கப் போனாள். சின்னு அடிக்கடி, "விடுக்கா, உனக்கு நான் இருக்கேன்" என்பாள். மசியின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து லேபிள் வேலையாக ஒரு மருந்துக் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு விடுதி எழும்பியிருந்தது. சாரம் கட்டி, முகப்பில் பித்தளை எழுத்துகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். இரண்டு பேர் சாரத்தின்மேல் நின்று ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு இப்படியா அப்படியா என்று திண்டாடினார்கள். கீழே மேஸ்திரி கழுத்து வலிக்க அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தார்.

சுழி சும்மா போகக் கூடாதா? அந்த வியாதிதான் விடாதே.

"அண்ணே, அது தலைகீழா இருக்கு" என்றாள்.

மேஸ்திரி திரும்பினார். "நிஜமாவாம்மா? இது எது மேல, எது கீழன்னே பிடிபடலை. அவ்வளவு டிசைன் பண்ணி வச்சிருக்காங்க."

"கொண்டை மாதிரி மேலே நிக்குதே, அது கீழே வரணும். அது வால்."

"ஏய், அம்மா சொல்றது கேக்குதா? திருப்புங்கடா!"

சாரத்தில் இருந்தவர்கள் முனகிக்கொண்டே எழுத்தைச் சுற்றினார்கள். அது மெதுவாகப் புரண்டது. வெயில் பட்டுப் பளபளத்தது. பிறகு நேராக நின்றது. ழ.

பக்கத்தில் ஏற்கனவே 'நி' மாட்டியிருந்தது. கீழே 'ல்' சாக்கில் சுற்றிக் கிடந்தது. நிழல். விடுதியின் பெயர். வால் கீழே இறங்கி, சுருளாமல், இடப்பக்கம் நீண்டு, நுனியில் இலையாக அகன்று கூராக முடிந்தது.

"இப்போ சரியாம்மா?" என்றார் மேஸ்திரி.

"சரியா இருக்கு" என்றாள் சுழி.

அங்கேயே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள். மசியிடம் போனது சுருண்ட வால். சுருண்ட வால், சுருண்ட வால் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஏதாவது தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோமா என்று. தப்பில்லை. இலை வாலை இந்த உலகத்தில் அவளைத் தவிர ஒரே ஒருத்திதான் வைத்திருந்தாள். அந்த ஒருத்தி அன்று காலையில்தான் அவளுடைய சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சின்னு வந்து செருப்பைக் கழற்றும்போதே சுழி கேட்டாள். "நிழல் விடுதிக்கு யாருடி டிசைன் பண்ணினது?"

சின்னு ஒரு செருப்போடு நின்றுவிட்டாள். பொய் சொல்ல வாயைத் திறந்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவைதான்க்கா" என்றாள். "அவசரமா ஒரு கடைக்கு வேணும்னாங்க. கையில எதுவுமே சரியா வரலை. இழையில அடிச்சுக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. நீயே வரைஞ்சியான்னு கேட்டாங்க. ஆமான்னு வந்துடுச்சு வாயில. அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இந்த விடுதி... எப்படி நிறுத்தறது?"

"அதுக்குத்தான் அவசரப்படாதே, அவசரப்படாதேன்னு சொல்லிட்டிருந்தியா?"

"நீ மட்டும் என்னிக்கு முடிச்சிருப்பே?" சின்னுவின் குரல் ஏறியது. மாட்டிக்கொண்டவர்களுக்குக் கோபம் தானாக வந்துவிடும். "ஒரு வாலைப் பிடிச்சிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தே. அது உன் கம்ப்யூட்டருக்குள்ளயே மக்கிப் போயிருக்கும். இப்போ ஊரே பார்க்குது. நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அது உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

சுழிக்கு அதில் பாதி உண்மை என்று பட்டது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஆனால் அவள் கேட்க வந்தது அது இல்லை.

"எழுத்து போனா போகட்டும்டி. இன்னொண்ணு வரைவேன். மசியைத் திட்டப் போறேன்னு உனக்குத் தெரியும். பெட்டியைத் திருப்பி அவ பேரைப் படிச்சுக் காட்டினது நீ. நான் அழுதப்போ டீ போட்டுக் கொண்டுவந்தே. சர்க்கரை போதுமான்னு கேட்டே. எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

சின்னுவின் கண் நிறைந்தது. "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா. சத்தியமா சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லையே."

"உன்னைக் கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லைடி" என்றாள் சுழி. அவள் தலை வாரிவிட்டு வளர்த்த பிள்ளை, முதுகைத் தடவி ஏமாற்றியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, "வா, மசிகிட்ட வந்து நீயே சொல்லு" என்றாள்.

சின்னு தலையை ஆட்டினாள். "அவங்க எங்க கம்பெனிக்கும் அடிச்சுக் கொடுக்கறாங்க. ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா என் வேலை போயிடும். ப்ளீஸ்க்கா. நீயே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடேன்."

சமாளி. அந்தச் சொல்லைக் கேட்டதும் சுழி உள்ளே போனாள். தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனாள். வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மசி அட்டைகளை அடுக்கி விளிம்பு தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க. என்ன அடிக்கணும்?" என்றாள், வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரியே.

"மசி..."

"பேப்பர் மாதிரி பார்க்கறீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் போய் இரும்பு பீரோவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் சுழியின் கண்ணுக்கு நேரே வந்தது. தாள் இல்லை. நான்கு மூலைகளில் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. அந்தத் தடத்துக்கு நடுவில், தாள் மறைத்திருந்த இடத்தில், பெயின்ட் புதுசாகப் பளிச்சென்று இருந்தது.

"நீ இல்லைன்னு தெரிஞ்சுடுச்சுடி" என்றாள் சுழி. "உனக்குக் கொடுத்த ழ-வும் அவளுக்குக் கொடுத்த ழ-வும் வேற வேற. விடுதி போர்டுல இருக்கிறது அவளோடது. சின்னுதான். நேத்துதான் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுது, நீ இல்லை. நான் பாவி, உன்னை எல்லார் முன்னாடியும்..."

மசி குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டாள். பீரோவிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள், கதவைச் சாத்தினாள். விரல்களில் அப்பியிருந்த மையைத் துணியில் துடைத்தாள். எத்தனை துடைத்தாலும் போகாது அது, இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க" என்றாள். "உங்களுக்குத்தான் ஒரு எழுத்து வந்து சொல்ல வேண்டியிருந்துது."

பிறகு மெஷின்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மெஷினைப் போட்டார்.